ஒரு ரூபாய் வட்டம்

"எங்க?" என்று கேட்டார் பகலவன்.

துப்பாக்கியை மேசைமேல் வைத்து, வெறுங்கைகள் இரண்டையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் அந்தக் கேள்வி வரும். அது அவர் வகுத்த ஒழுங்கு. அதற்கப்புறமே கார்குழலி படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு வரலாம். தாழ்ப்பாள் போட்ட வாசற்கதவில் ஒரு பழைய நூல் புடவை நான்காக மடிக்கப்பட்டுத் தொங்கியது. அதன் முன்னால் ஒரு அட்டை. அட்டையில், அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி திருப்பிக் குத்திய காலண்டர் தாள். தாளின் நடுவில், பழைய பெரிய ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வரைந்து கறுப்பு மை நிரப்பிய வட்டம். கார்குழலி குனிந்து பார்த்தாள். வட்டத்துக்கு ஒரு சாண் கீழே, இடது ஓரத்தில், குண்டு தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

"நடுவுல" என்றாள். "கருப்புக்குள்ள. ஒரு நூலு மேல."

"மேலயா?"

"நூலுன்னேனே. கம்பெனில அந்த நூல எவளும் கண்டுக்கமாட்டா, நான்தான் கண்டுக்குவேன்."

சமையலறைக் கடைசிச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்த பகலவன் சிரித்தார். அவர் முன்னால் மகிழினியின் படிப்பு மேசை. மகள் கல்யாணமாகிக் காட்டுப்பள்ளிப் பக்கம் போனபின் மடித்து வைத்திருந்த மேசை அது. அங்கிருந்து வாசற்கதவு இருபத்தோரு அடி. எர்ணாவூரில் அந்த வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், ஒரு நேர்க்கோட்டில் கிடைக்கக்கூடிய அதிகபட்ச நீளம் அவ்வளவுதான். அவர் துப்பாக்கியின் பிளாஸ்டிக் தாழை இழுத்து ஸ்பிரிங்கை ஏற்றினார். கார்குழலி படுக்கையறை நிலைக்குப் பின்னால் போய் நின்று, "கிளியர்" என்று குரல் கொடுத்தாள். டப் என்று ஒரு சத்தம். கதவில் புடவை லேசாக அசைந்தது. மஞ்சள் குண்டு தரையில் விழுந்து உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போயிற்று.

பத்துக் குண்டும் முடிந்தபோது அவள் எட்டை நடுவில் என்றும் இரண்டை ஓரம் என்றும் சொல்லியிருந்தாள். எல்லாமே நடுவில் என்றால் அவர் நம்பமாட்டார். அவர் குளிக்கப் போன நேரத்தில் தாளைக் கழற்றிக்கொண்டு கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். வட்டம் வரைந்த புதுத் தாள் ஒன்றை மடியில் வைத்து, கழுத்துக் கயிற்றில் தொங்கிய கம்பெனி நூல் கட்டரின் முனையால், வாயால் சொன்ன இடங்களிலெல்லாம் குத்தித் திருகினாள். எட்டு உள்ளே, இரண்டு வெளியே. நிஜமான தாளைச் சுருட்டி, கட்டிலுக்கு அடியில் இருந்த அரிசிச் சாக்குக்குள் செருகினாள். அதற்குள் ஏற்கெனவே இருபத்திரண்டு தாள்கள் இருந்தன. குளித்துவிட்டு வந்தவர், அவள் நீட்டிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தேதி எழுதி பீரோவுக்குள் வைத்தார். பிரசவ வார்டில் குழந்தையை வாங்கிப் பார்க்கிற முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

பகலவனுக்கு நாற்பத்தொன்பது வயது. பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து, ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி மூலம் தண்டையார்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் துப்பாக்கிக் காவலராகச் சேர்ந்தவர். ஏழு வருடமாக அந்த வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு நிற்கிறார். பென்ஷன் வாங்க வருகிற கிழவிகளுக்குச் சலான் எழுதிக் கொடுப்பதும், பேனாவைக் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு போகிறவர்களை அதட்டுவதும்தான் அங்கே அவர் பார்த்த சண்டைகள். வருடத்துக்கு ஒருமுறை சுடும் சோதனை என்று பெயருக்கு ஒன்று நடக்கும். டீயும் பன்னும் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். இந்த வருடம் ஏஜென்சிக்குப் புதிய அதிகாரி வந்திருந்தார். ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு சுடுதளத்தில், ஐம்பது கெஜ தூரத்தில், ரைஃபிளில் பத்துக் குண்டு. குறைந்தது ஆறு கருப்பில் விழ வேண்டும். விழாதவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, மணலியில் ஒரு கோடவுன் வாசலில் தடியும் விசிலுமாக நிற்கவேண்டியதுதான். தேதி, வருகிற திங்கட்கிழமை.

சுற்றறிக்கை வந்த அன்றே இருவரும் பர்மா பஜாருக்குப் போனார்கள். அங்கே கடை வைத்திருக்கும் ஷாகுல் ஹமீது, பகலவனோடு ராயபுரத்தில் எட்டாவது வரை படித்தவர். கண்ணாடிப் பெட்டிக்குள் ஷேவிங் மெஷின்களுக்கும் சென்ட் பாட்டில்களுக்கும் நடுவே அச்சு அசல் மாதிரியே நீளமான துப்பாக்கிகள் கிடந்தன. முனையில் மட்டும் ஆரஞ்சு நிறம்.

"இன்னா தோஸ்து, பேரன் பொறந்துட்டானா? சொல்லவே இல்ல!" என்றார் ஷாகுல் ஹமீது.

"எனக்குத்தான்டா."

"உனுக்கா? அண்ணி, இவன நல்லா பாத்துக்க. இத்தினி வருசம் நெசத் துப்பாக்கி புடிச்சவன் பொம்மத் துப்பாக்கி கேக்குறான். அடுத்து கிலுகிலுப்ப கேப்பான்."

கார்குழலி அன்று வாய்விட்டுச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து, மேசையை விரித்து, புடவையைத் தொங்கவிட்டு, இலக்கு வரைந்து, அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தபோதும் உற்சாகமாகத்தான் இருந்தாள். நிஜமான சுடுதளத்தில் இலக்குகளுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கும், அதற்கு பட் என்று பெயர், அதில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் குண்டு எங்கே பட்டது என்று சைகை காட்டுவார்கள், சுடுகிறவன் இலக்குக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது என்றார். குண்டு தாளிலேயே படவில்லை என்றால் அதற்கு வாஷ் அவுட் என்று பெயர். முதல் நாள் பத்தில் ஏழு வாஷ் அவுட். அவள் ஒவ்வொன்றையும் அப்படியே சொன்னாள். மூன்றாவது நாள் அவள் "கதவு சட்டத்துல பட்டுகீது" என்றபோது, அவர் துப்பாக்கியை வைத்துவிட்டு எழுந்து போய் வெளி வராந்தாவில் நின்றார். அன்று சாப்பிடவில்லை. சீனாக்காரன் பொம்மை, நேராகப் போகாது, என்று ஒரு தடவை சொன்னார். நாலு மாதமாகவே அவர் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாலாவது நாள் அவள் வாயிலிருந்து "நடுவுல" என்று வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. அவர் திரும்பிய வேகத்தைப் பார்த்தபின் அதைத் திரும்ப வாங்க முடியவில்லை. அன்று ஐந்து தோசை சாப்பிட்டார். ஜோத்பூரில் ஒட்டகம் ஒன்று அவர் தொப்பியைத் தின்ற கதையைச் சொன்னார். தூக்கத்தில் அவள் இடுப்பில் கை போட்டுக்கொண்டார்.

கார்குழலிக்கு ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர் வேலை. நாளைக்கு அறுநூறு சட்டை அவள் கைவழியாகப் போகும். தையல் ஒரு கண்ணி விட்டிருந்தாலும், பட்டன் காஜா ஒரு நூல் தள்ளியிருந்தாலும், சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். "குழலி டேபிள்ல மாட்டுனா சொந்தத் தங்கச்சி தச்சதும் ரிட்டனு" என்று லைனில் இருக்கும் பெண்கள் திட்டுவார்கள். பகலில் அப்படி. மாலையில் வீட்டுக்கு வந்து கூடத்தில் குனிந்து பார்த்து, நடுவுல, நடுவுல. கை பழகினால் சரியாகிவிடும், இன்னும் பத்து நாள் இருக்கிறது, என்று நினைத்துக்கொள்வாள். பிறகு எட்டு நாள் என்று நினைத்தாள். இப்போது இரண்டு நாள்.

அந்தச் சனிக்கிழமை மாலை தாமஸ் வந்தார். பகலவனோடு ஒரே பட்டாளத்தில் இருந்து, இப்போது அதே ஏஜென்சியில் வேறு வங்கியில் நிற்பவர். புதிதாக வாங்கிய செல்போனைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்திருந்தார்.

"மாமு, மேட்டர் ஓவர்" என்றார், நாற்காலியில் விழுந்தபடி. "திங்கக்கெயம பட்ல யாரு குந்தப்போறது தெரியுமா? ஐயாதான். எனுக்கு போன வாரமே டெஸ்ட் முடிஞ்சிட்ச்சி. எக்ஸ்ட்ரா டூட்டி கேட்டு வாங்கிகினேன். பென்சில சீவி வச்சிட்டேன்."

"பென்சிலா?" என்றாள் கார்குழலி, டீயை நீட்டியபடி.

"இன்னா அண்ணி, இத்தினி வருசம் பட்டாளத்தான் பொண்டாட்டியா இருந்துகினு இது தெரியாதா? குண்டு ஓட்டையும் பென்சில் ஓட்டையும் ஒரே சைசு. தோஸ்து சுட்டு வாஷ் அவுட் ஆச்சின்னா, பட்ல கீறவன் பென்சிலால பொத்துனு ஒரு குத்து. ஊர்பட்ட பேரு அப்படித்தான் பாஸு. உங்க வூட்டுக்காரு எனுக்கே மூணு தபா குத்திக் குடுத்துகீறாரு. கேளு."

"நாலு தபா" என்றார் பகலவன்.

"பாத்தியா, கணக்கு வச்சிகீறான்!"

இருவரும் சிரித்தார்கள். கார்குழலி சிரிக்கவில்லை. அவள் கை தன்னையறியாமல் கழுத்துக் கயிற்றுக்குப் போய்விட்டு இறங்கியது. பகலவன் எழுந்து பீரோவைத் திறந்தார். அவர் என்ன எடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் அவள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"எனுக்கு இன்னாத்துக்குடா பென்சிலு? இத்த பாரு."

தாள்கள் ஒவ்வொன்றாகப் புரளும் சத்தம் கேட்டது. தாமஸ் விசிலடித்தார். "அடங்கொய்யால! இன்னா மாமு இது, எல்லாம் ஒரே எடத்துல மொய்ச்சிகினு கீது? இருவது வயசுல கூட நீ இப்படி சுட்டதில்லியே!"

"கை மறக்காதுடா. நானுங்கூட மறந்துட்ச்சின்னுதான் நெனச்சேன்." பகலவன் தாள்களைத் தட்டி அடுக்கும் சத்தம் கேட்டது. "நீ பென்சில பேரனுக்குக் குடு. ஆனா ஆவன்னா எயுதட்டும்."

தாமஸ் கிளம்பியபோது, குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு கார்குழலியும் படியிறங்கினாள். முதல் மாடித் திருப்பத்தில் அவரை நிறுத்தினாள்.

"அண்ணே, அந்தப் பென்சில வச்சிக்கினே போங்க."

தாமஸ் அவளைப் பார்த்தார். "அவனுக்கு வாணாமே அண்ணி. அவன்தான் அந்தச் சூடு சுடுறானே."

"வூட்டுல சுடுறது வேற. அங்க கை நடுங்கிச்சின்னா?" அவள் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "அவருக்குத் தெரியவாணாம். வாஷ் அவுட் ஆனா மட்டும் குத்துங்க."

தாமஸ் கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொண்டு நின்றார். புரிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். "ஆறு போதுமா, எட்டா போட்டுடட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆறு போதும்ணே."

அன்று அவள் நிம்மதியாக உறங்கினாள். இதை அவளே பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பகலவன் சவரம் செய்து, சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டு, கடைசியாக ஒரு பத்து குண்டு என்று மேசையை விரித்தார். கார்குழலி அடுப்பில் மீன் குழம்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு வந்தாள். நாலு குண்டு ஆயிற்று. நாலையும் நடுவில் என்றாள். ஐந்தாவது சுட்டபின் பார்க்கப் போனபோது தாளின் மேல்முனை குத்தூசியிலிருந்து நழுவியிருந்தது. அதையும் நடுவில் என்று சொல்லி, தாளைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி இரண்டடி நடந்தாள். மறுபடி நழுவும் சத்தம் கேட்டு, மறுபடி போய் அட்டைக்கு முன்னால் நின்றாள். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, தாளை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி, இன்னொரு குத்தூசி மேசையில் இருக்கிறதா என்று கேட்கலாமென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் நேராக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாயில் ஊசி. கத்தத் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்றுதான் அந்த ஒரு நொடியில் நினைத்தாள். அவர் முகம் அமைதியாக இருந்தது, யாருமில்லாத சுவரைப் பார்க்கிற அமைதி. டப் என்றது. இடது கன்னத்து எலும்பில், கண்ணுக்கு ஒரு விரல் கீழே, சுளீரென்று தீ வைத்தது போலிருந்தது. ஊசி கீழே விழுந்தது.

"எங்க?" என்று கேட்டார் பகலவன். கைகளைத் தூக்கிக் காட்டியபடியே கேட்டார். மூடிய கண் திறந்ததும்தான் அவளைக் கண்டார்.

மேசை சாய்ந்து மஞ்சள் குண்டுகள் வீடெங்கும் சிதறின. அவர் ஓடிவந்து அவள் முகத்தை இரு கையாலும் பிடித்தார். "கண்ணு? கண்ணத் தொற. தொறடி குழலி. கண்ணத் தொற." அவள் திறந்தாள். இரண்டு கண்ணும் தெரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கிளியர்னு சொன்னியே" என்றார். பிறகு அவரே, "சொல்லல. நீ சொல்லல. தபா தபா சொல்றியா, சொன்னா மாதிரியே இருந்துச்சி" என்றார்.

கார்குழலி புடவைத் தலைப்பால் கன்னத்தை அழுத்திக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். கோபம் வரவில்லை.

"நான் நேராத்தான நின்னேன்" என்றாள். "உன்ன பாத்துகினுதான நின்னேன். இன்னா தெரிஞ்சிச்சி உனுக்கு?"

வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போயின. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்கின.

"புடவ தெரிஞ்சிச்சி" என்றார். "கதவு தெரிஞ்சிச்சி. ரெண்டு ஓரமும் தெரியுது. நடுவுல மட்டும் புகை மாதிரி ஒரு ஓட்ட. எதப் பாக்கணும்னு பாக்குறனோ, அது மட்டும் இல்ல." உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "இப்ப உன் காது தெரியுது. தோடு தெரியுது. மூஞ்சி இல்ல."

மாசியில் ஆரம்பித்ததாம். தனியாகக் கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சர்க்கரையால் வந்தது, போன பார்வை போனதுதான், இடது கண் நன்றாயிருக்கிறது, அதையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"எடது பக்கம் வச்சி சுட்டுப் பாத்தேன். நீ கம்பெனிக்குப் போயிகீற சொல்ல. மொத மூணு நாளு. தோளு ஒத்துக்கல, கை சண்ட போடுது. அப்பால வலது பக்கமே சுட்டா, தெரியாமலே நடுவுல படுது. நீ சொன்னியே. எனுக்கே ஆச்சரியம். சரி, கண்ணு போனா இன்னா, கைக்குத் தெரியுதுன்னு நெனச்சேன். இருவது வருசம் புடிச்ச கையாச்சே." அவர் நிமிர்ந்து பார்த்தார். "அத்தொட்டுதான் உங்கிட்ட சொல்லல. சொல்லத் தேவயில்லன்னு ஆயிட்ச்சி."

கார்குழலி எழுந்து போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அரிசிச் சாக்கை இழுத்தாள். கூடத்துக்குக் கொண்டுவந்து, அவர் முன்னால், சிதறிய குண்டுகளின் மேல் கவிழ்த்தாள். சுருண்ட தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவர் ஒன்றைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். ஓரங்களில், மூலைகளில், இலக்கிலிருந்து எட்டத்தில் சிதறிக் கிடந்த கிழிசல்கள். சிலவற்றில் இரண்டே ஓட்டை, சிலவற்றில் ஒன்று. நடுவில் கறுப்பு வட்டம் தொடப்படாமல், முழுசாக இருந்தது.

"பீரோவுல கீறது?"

அவள் கழுத்துக் கயிற்றிலிருந்த கட்டரைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். எதையாவது தூக்கி எறிந்திருந்தால்கூட இலேசாக இருந்திருக்கும். அவர் ஒரு தாளை முழங்கால்மேல் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

"இருவது நாளா நான் நல்லா தூங்கினேன் குழலி" என்றார்.

"எனுக்குத் தெரியும். பக்கத்துலதான படுத்துகினு இருந்தேன். அதுக்கோசரந்தான் சொன்னேன்."

குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நாளை எல்லாம் தானாக நடந்துவிடும். அவருக்கு வேலை நிலைக்கும், வாசலில் துப்பாக்கியோடு நிற்பார், பென்ஷன் கிழவிகள் நைனா நைனா என்று சலானை நீட்டுவார்கள். உட்காராமல், சுவரில் சாய்ந்து நின்றபடியே சொன்னாள்.

"தாமஸ் அண்ணங்கிட்ட நேத்து படியில சொல்லிட்டேன். பென்சிலு போட்டுடுவாரு. நீ எங்க சுட்டாலும் நாளைக்கி பாஸு."

பகலவன் தலையைத் தூக்கினார். முகத்தில் முதலில் வந்தது ஆறுதல். அதை மறைக்க அவர் முயலவில்லை. "அப்பால இன்னா?" என்றார். "அத்தோட உட்டுடவேண்டியதுதான. ஏழு வருசத்துல ஒரு தபா கூட நான் சுட்டதில்ல. சுடவும் போறதில்ல. எந்த பேங்குல எந்தக் காவக்காரன் சுட்டுகீறான்? எல்லாம் சொம்மா ஷோவுக்கு நிக்கிறது."

"சுடவே போறதில்லன்னா அதுக்குள்ள தோட்டா எதுக்கு?"

"அது ரூலு."

"ஒண்ணாந்தேதி அந்த பேங்கு ஹாலுக்குள்ள எத்தினி பேரு நிப்பாங்க? நானே வந்துகீறேன், காத்துகூட நொழயாது. எவனாவது ஒருத்தன் கத்திய எடுத்தான்னு வையி. நீ இன்னா பண்ணுவ? தோள்ல வச்சி, இந்தக் கண்ண மூடிகினு, அந்தக் கண்ணால பாப்ப. பாக்குற எடத்துல எவ நிக்கிறான்னு உனுக்குத் தெரியுமா?" தலைப்பைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். தடிப்பு கறுத்துச் சிவந்து, ஒரு சுண்டைக்காய் அளவுக்கு எழும்பியிருந்தது. "இது பிளாஸ்டிக்குயா."

"போதும்" என்றார்.

"நான் ஒரு சட்டயில நூலு தள்ளிச்சின்னா உடமாட்டேன். உன்ன உட்டேன். இருவது நாளு உட்டேன். எனுக்கு..." அவள் தலைப்பை மறுபடி கன்னத்தில் அழுத்திக்கொண்டாள்.

"போதும்னு சொல்றேன்ல. நான் கோடவுன் வாசல்ல நின்னுகினு லாரிக்கு பீப்பீ ஊதணும். அதான உனுக்கு வேணும்?"

"எனுக்கு இன்னா வேணும்னு நான் சொல்லவே இல்ல. தாமஸ் அண்ணனுக்கு நீயே போன் பண்ணி வாணான்னு சொன்னாலும் சரி, சொல்லாங்காட்டியும் சரி. நான் போட்ட பொய்ய நான் எடுத்துட்டேன். மிச்சம் உன்னுது."

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வராந்தா சுவருக்கு அப்பால், குடியிருப்பின் கடைசிக் கட்டடத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையைக் கடந்து, கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கற்களின் மேல் போய் அவர் உட்காருவது தெரிந்தது. கார்குழலி துடைப்பத்தை எடுத்து மஞ்சள் குண்டுகளைக் கூட்டினாள். எவ்வளவு கூட்டினாலும் ஏதாவது ஒரு மூலையிலிருந்து இன்னொன்று உருண்டு வந்தது. மத்தியானம் அவர் வந்து, அடிப்பிடித்த குழம்பில் சாதம் பிசைந்து சாப்பிட்டார். மாலையில் அவள் கன்னத்துக்கு ஒரு களிம்பு வாங்கிவந்து டிவி பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனார். போன் பூத்துக்குப் போனாரா என்று அவள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடியலில் அவர் இஸ்திரி போட்ட சட்டையும் பெல்ட்டுமாகக் கிளம்பினார். வாசலில் நின்று, "கதவ சாத்திக்க" என்று மட்டும் சொன்னார். எர்ணாவூரிலிருந்து ஆவடிக்கு அப்பால் போக இரண்டு பஸ் மாறவேண்டும். எட்டு மணிக்கு அங்கே இருந்தால் சோதனை முடிய மத்தியானமாகும், திரும்பிவர நாலோ ஐந்தோ ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கம்பெனிக்கு நடந்தாள்.

லைனில் எல்லோரும் கன்னத்தைக் கேட்டார்கள். பல் வீக்கம் என்றாள். யாரும் நம்பவில்லை. பக்கத்து மேசை சொக்கம்மாள் குரலைத் தாழ்த்தி, "அடிச்சானா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தாள். அன்று அவள் மேசையில் சட்டைகள் குவிந்தன. ஒரு காலரை எடுப்பாள், பார்ப்பாள், பார்த்தது மனதில் நிற்காமல் மறுபடி முதலிலிருந்து பார்ப்பாள். சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து நின்றுவிட்டுப் போனார். பத்தரைக்கு, இப்போது அவர் முறை வந்திருக்கும் என்று நினைத்தாள். பதினொன்றுக்கு, தாமஸ் பள்ளத்தில் உட்கார்ந்து தாளை நிமிர்ந்து பார்க்கிறார் என்று நினைத்தாள். பென்சில் அவர் கையில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் எவ்வளவு முயன்றும் மனக்கண்ணில் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. கேட்டைத் திறந்துவிட்டார்கள். இருநூறு பெண்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். ஒரே நீலக் கோட்டு, ஒரே நீலத் தொப்பி. டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு கார்குழலி நடுவில் வந்துகொண்டிருந்தாள். சொக்கம்மாள் அவள் முழங்கையை இடித்தாள்.

"குழலி, எதுத்தாப்புல பாரு. உங்க வூட்டுக்காரரா?"

சாலைக்கு அந்தப் பக்கம், நிறுத்தியிருந்த டேங்கர் லாரியின் நிழலில், பகலவன் நின்றுகொண்டிருந்தார். சீருடை கசங்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். அவள் அங்கே வேலை பார்த்த பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் கம்பெனி வாசலுக்கு வந்ததில்லை. ஆவடி போய்ச் சுட்டுவிட்டு இந்த நேரத்துக்குத் திரும்பியிருக்க முடியாது என்பது அவளுக்கு உறைத்தது. கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் கையைத் தூக்கவில்லை. கூப்பிடவும் இல்லை.

அவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். மிச்சமிருந்த கண்ணால் முதலில் நேராக, நீலத் தொப்பிகள் வந்துகொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, வேறு யாரையோ தேடுகிறவர் போல முகத்தை அவளிடமிருந்து விலக்கி, டேங்கரின் சக்கரத்துப் பக்கமாகத் திருப்பினார். அப்படியே, அந்தக் கண்ணின் ஓரத்தால் அவளைப் பார்க்காமல் பார்த்தபடி நின்று, பெல்ட் இருந்த கையை உயர்த்தினார்.